முனியாண்டி குடியேறிய பரண்

காஹாங்
3 மார்ச் 2024

அன்புள்ள மச்சான் ஹேமநாதனுக்கு,

சதாசிவம் எழுதுவது. 'அன்புள்ள' என்பது உன் அக்காள் செல்லம் சொல்லிச் சேர்த்தது. வெறும் 'ஹேமநாதனுக்கு' என்று தொடங்கிய தாளை அவள் கிழித்துவிட்டாள். போனில் பேசக் கூடாது என்பதும் அவள் உத்தரவுதான். போன வருஷம் நாம் இருவரும் போனில் பேசிக்கொண்டதைப் பக்கத்து வீட்டுக்காரர்கள் இன்னும் பேசுகிறார்களாம். "எழுதுங்க. எழுதும்போது கத்த முடியாது" என்றாள். நம் மசாலாக் கடை முஜிபுர் ரஹ்மான் வாராவாரம் உலு திராமில் இருக்கும் தன் தம்பியின் சாப்பாட்டுக் கடைக்குச் சரக்கு கொண்டு வருகிறார். அவரிடமே கொடுத்து அனுப்புகிறேன். பதிலையும் அவரிடமே கொடு.

காஹாங் மான் வேட்டை நண்பர்கள் சங்கத்தின் செயலாளர் என்ற முறையில் முதலில் சங்கச் செய்தி. உறுப்பினர்கள் மூவர். நான், முஜிபுர், நீ. நீ விலகியது எழுத்தில் வராததால் ஏற்கப்படவில்லை. மானைச் சுடக் கூடாது என்று அரசாங்கம் தடுத்த பிறகு நமக்கு அனுமதி காட்டுப்பன்றிக்கு மட்டும்தான். சங்கத்தின் பெயரை மாற்றலாமா என்று ஒரு கூட்டத்தில் பேச்சு வந்தது. பன்றி வேட்டைச் சங்கச் செயலாளர் என்று மகள் லோஷினியின் கல்யாணப் பத்திரிகையில் போட எனக்கு மனம் வரவில்லை, அதனால் மான் நிலைத்தது. முஜிபுர் மானுக்காகச் சேர்ந்தவர். பன்றி இருக்கும் திசையைக் கூடப் பார்க்க மாட்டார். ஆனால் ஒரு கூட்டத்துக்கும் அவர் வராமல் இருந்ததில்லை. சங்கம் வைத்திருப்பவர்களுக்குத்தான் இதன் அருமை தெரியும்.

இனி விஷயம். எண்ணெய் எடுக்கும் பழைய செம்பனை மரங்களைச் சாய்த்து மறுநடவு செய்தது உனக்குத் தெரியும். பன்றி வந்து கன்றுகளைத் தோண்டிக் குருத்தைத் தின்றது. மறுபடி நட்டேன். மறுபடி தின்றது. இப்போது மூன்றாவது முறை. இதுவும் போனால் நிலத்தைப் பக்கத்துக் கம்பெனிக்குக் கொடுத்துவிட்டுத் தெப்ராவில் லோஷினி வீட்டுக்குப் போய்விடலாம் என்று உன் அக்காள் முடிவாகச் சொல்லிவிட்டாள். வீடு பதினோராவது மாடி. போயிருந்தபோது அங்கே பால்கனியில் ஒரு மாலை முழுதும் உட்கார்ந்து பார்த்தேன். கார் நிறுத்தும் இடத்தில் ஒரு கார் போனது, இன்னொரு கார் வந்தது. வாழ்நாள் முழுதும் செடி கொடியைப் பார்த்த மனிதன் மிச்ச காலத்தை அதைப் பார்த்துக் கழிக்க முடியாது.

துப்பாக்கி லைசென்ஸ் உன் பெயரில் இருக்கிறது. நீ வர வேண்டும்.

ஆனால் ஒன்று. நிலைப் பரண்தான் சரி என்ற என் கருத்தில் மாற்றம் இல்லை. மரத்தில் பலகை அடித்து ஒரே இடத்தில் நிரந்தரமாக உட்கார்ந்தால்தான் மிருகத்துக்கு நம் வாடை பழகும். இன்றைக்கு ஒரு மரம், நாளைக்கு ஒரு மரம் என்று தூக்கிக்கொண்டு திரிவது வாடகை வீட்டுக்காரன் வேட்டை.

இப்படிக்கு,
சதாசிவம்
செயலாளர்


உலு திராம்
10 மார்ச் 2024

அத்தானுக்கு,

கடிதம் கிடைத்தது. முட்டி பரவாயில்லை. நீங்கள் கேட்கவில்லை, நானே சொல்கிறேன். படி இறங்கும்போது மட்டும் வலிக்கிறது.

நிலைப் பரணின் பெருமையைப் படித்தேன். அதிலிருந்து விழுந்தவன் என்ற முறையில் எனக்கும் ஒரு கருத்து உண்டு. ஏணிப்படியில் நீங்கள் அடித்த ஆணி துருப்பிடித்துப் போயிருந்தது. மழையில் நனையும் மரத்தில் அடித்த ஆணி துருப்பிடிக்கும். இதைத் தெரிந்துகொள்ளத் தொழிற்சாலையில் பராமரிப்பு வேலை பார்க்க வேண்டியதில்லை. நான் காலை உயர்த்திக் கட்டிக்கொண்டு படுத்திருந்தபோது நீங்கள் வந்து கேட்ட முதல் கேள்வி, "ஏறுறதுக்கு முன்னாடி ஐயாவுக்குச் சுருட்டு வெச்சியா?"

வைக்கவில்லை. மரத்தடியில் முனியாண்டிக்கு ஒரு சுருட்டும் எலுமிச்சம்பழமும் வைத்துவிட்டு ஏறுவது உங்கள் வழக்கம். அன்று மழை வரும்போலிருந்தது, நான் அவசரப்பட்டேன். அதற்காக ஐயா என் முட்டியை உடைத்தார் என்று நீங்கள் காஹாங் முழுதும் சொன்னீர்கள். அதன் பிறகுதான் அந்த போன்.

கால் சரியானதும் ஒரு தூக்குப் பரண் செய்தேன். அலுமினியம். மூன்று துண்டாகக் கழலும். லோரியில் சாமான் கட்டும் பட்டையால் மரத்தோடு இறுக்கினால் போதும், ஆணி கிடையாது. தோளில் மாட்டிக்கொண்டு நடக்கலாம். பன்றி நம்மைப்போல் ஒரே இடத்தில் கூட்டம் போடுவதில்லை. அது வழியை மாற்றும்போது நாமும் மரத்தை மாற்ற வேண்டும். ஒரே மரத்தில் உட்கார்ந்து வாடை பழகட்டும் என்று காத்திருந்தால் பழகும். 'சதாசிவம் மேலே இருக்கிறார், நாம் அந்தப் பக்கம் போய்ச் சாப்பிடலாம்' என்று நன்றாகவே பழகியிருக்கிறது. இரண்டு நடவு அதற்குச் சாட்சி.

தூக்குப் பரண் என்றால் வருகிறேன். நிலைப் பரண் என்றால் வேறு துப்பாக்கிக்காரரைப் பாருங்கள்.

ஹேமநாதன்

அக்காவிடம் சொல்லுங்கள்: முறுக்கு வந்து சேர்ந்தது. பாதியை முஜிபுர் அண்ணன் வழியிலேயே சாப்பிட்டுவிட்டார், அதை அவரே சொன்னார்.


காஹாங்
18 மார்ச் 2024

மச்சான் ஹேமநாதனுக்கு,

முட்டி தேறியது அறிந்து மகிழ்ச்சி. கேட்க மறந்தது முதல் கடிதத்தின் பரபரப்பால்.

நிலைப் பரணில்தான் உட்கார வேண்டும் என்று நான் வற்புறுத்தப் போவதில்லை. உன் வாதம் என்னை அசைத்துவிட்டது என்று நினைத்துவிடாதே. அந்தப் பரண் இப்போது கைவசம் இல்லை. காரணத்தை முஜிபுர் உன்னிடம் சொல்லியிருக்க மாட்டார். நானே சொல்ல வேண்டும் என்று அவரைக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

நீ விழுந்த பிறகு, ஐயாவுக்கு ஏதோ குறை வைத்துவிட்டோம் என்று நான் மரத்தடியில் ஒரு சிவப்புத் துணி கட்டினேன். அவ்வளவுதான் நான் செய்தது. நெடுஞ்சாலைப் பக்கமாகப் போகிற செல்வராணி அதைப் பார்த்திருக்கிறார். அவருக்குக் கையில் மரு. ஐயாவுக்கு உப்பும் மிளகும் போடுவதாக வேண்டிக்கொண்டார். மரு உதிர்ந்துவிட்டது. பிறகு அவர் தங்கை. பிறகு தங்கையின் சம்பந்தி. ஒரு நாள் காலையில் போனால் மரத்தடியில் சிமெண்டுத் தரை இருந்தது. அடுத்த வாரம் தகரக் கூரை. அதற்கடுத்து ஓர் அறிவிப்புப் பலகை: ஸ்ரீ பரண் முனீஸ்வரர் ஆலயம். செருப்பைக் கழற்றவும்.

பரணின் மேல் யாரும் ஏறக் கூடாது என்று தீர்மானம். ஐயா அங்கேதான் உட்கார்ந்திருக்கிறாராம். நீ விழுந்த இடத்தில் கற்பூரம் ஏற்றுகிறார்கள். உன் பெயர் சொல்வதில்லை, 'அவிசுவாசி ஒருவர்' என்று மட்டும் தலவரலாற்றில் வருகிறது.

ஆலயக் குழுவுக்கு நான்தான் தலைவர். நானாகக் கேட்கவில்லை. கண்டெடுத்தவர் என்று மாலை போட்டுவிட்டார்கள். மாலை போட்ட பிறகு இது பன்றி சுடும் பலகை என்று எப்படிச் சொல்வது. மேலும் பலகையில் என் பெயர் நல்ல எழுத்தில் வந்திருக்கிறது.

ஒன்று மட்டும் ஒப்புக்கொள். உலகத்தில் எந்தத் தூக்குப் பரணும் இந்த நிலையை எட்டியதில்லை.

நீ தூக்குப் பரணோடு வா. கன்றுகளில் ஒரு வரிசை நேற்றுப் போய்விட்டது.

சதாசிவம்


உலு திராம்
26 மார்ச் 2024

அத்தானுக்கு,

உங்கள் கடிதத்தைத் தொழிற்சாலைக் கேண்டீனில் படித்தேன். சிரித்ததில் தேநீர் மூக்கில் ஏறி, பக்கத்து மேசைக்காரர் முதுகைத் தட்டினார். ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். தூக்குப் பரண் கோயிலாக முடியாது. அதை அதன் குறையாகச் சொல்கிறீர்களா, நிறையாகச் சொல்கிறீர்களா என்று எனக்குத் தெரியவில்லை.

அடுத்த சனிக்கிழமை வருகிறேன். துப்பாக்கிக்கு அனுமதி எல்லாம் சரியாக இருக்கிறது. மூன்று நிபந்தனைகள். கோயில் இருக்கும் பக்கம் துப்பாக்கி திரும்பாது, ஆட்கள் நடமாடும் இடம். மாலையில் ஏறி, இருட்டுவதற்குள் இறங்கிவிடுவேன். பரணை எந்த மரத்தில் கட்டுவது என்பதை நான் தீர்மானிப்பேன், செயலாளர் தீர்மானிக்க மாட்டார்.

உங்களுக்காக வரவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். அக்காவுக்கு நாற்காலியில் ஏறி மின்விசிறி துடைத்தாலே தலை சுற்றும். பதினோராவது மாடியில் அவள் ஜன்னலைத் திறக்கவே மாட்டாள். அங்கே போக வேண்டும் என்று அவள் சொல்கிறாள் என்றால் இரண்டு நடவில் எவ்வளவு நொந்திருக்கிறாள் என்று நினைத்துப் பார்த்தேன். அதனால் வருகிறேன்.

ஹேமநாதன்


காஹாங்
16 ஏப்ரல் 2024

திரு. ஹேமநாதன் அவர்களுக்கு,

தலைப்பில் 'திரு.' போட்டதை உன் அக்காள் பார்த்தாள். இந்த முறை கிழிக்கவில்லை. அதிலிருந்தே நிலைமை உனக்குப் புரிய வேண்டும்.

நீ இரண்டு வாரக் கடைசிகள் வந்தாய். மூன்று மரம் மாறினாய். ஒரு குண்டும் வெடிக்கவில்லை. நான் எதுவும் கேட்கவில்லை, ஏணியைப் பிடித்துக்கொண்டு கழுத்து வலிக்க மேலே பார்த்துக்கொண்டே நின்றேன். "பாத்துக்கிட்டிருக்கேன் அத்தான், அவசரப்படாதீங்க" என்றாய். சரி, பார்க்கட்டும் என்று விட்டேன்.

சனிக்கிழமை பூசையில் நீ செய்ததைத்தான் என்னால் ஜீரணிக்க முடியவில்லை. கற்பூரம் காட்டி முடிந்து, எல்லோரும் கையில் திருநீறோடு நிற்கிறார்கள். நீ கழற்றிய பரணின் பட்டையும் கம்பியுமாக உள்ளே வந்து, "மொதல்ல இந்தப் படையல நிறுத்துங்க. சாமிக்கு வெக்கல, பன்னிக்கு விருந்து வெக்கிறீங்க" என்றாய். செருப்போடு. செல்வராணி அழுதுவிட்டார். "யாருங்க இவரு" என்று ஒருவர் கேட்டார். தலைவர் என்ற முறையில் நான் ஏதாவது சொல்ல வேண்டும். "என் மச்சான், அவருக்கு முட்டியில கொஞ்சம் கோளாறு" என்றேன். நிலைமையைச் சமாளிக்க அந்த நேரத்தில் அதுதான் வந்தது. நீ உடனே பரணைத் தோளில் மாட்டிக்கொண்டு போய்விட்டாய்.

வீட்டில் உன் அக்காள் உனக்குப் பிடிக்கும் என்று கோழி வறுவல் செய்து வைத்திருந்தாள். சாப்பிடாமல் போய்விட்டாய். உனக்கும் எனக்கும் ஆயிரம் இருக்கட்டும், சாப்பிடாமல் போவது எந்தச் சண்டையிலும் சேராது. உன் தட்டை மூடி வைத்தாள். பிறகு லோஷினிக்குப் போன் போட்டு, அலமாரியை எந்தச் சுவரில் வைக்கலாம் என்று விசாரித்தாள். நிதானமாகப் பேசினாள். அந்த நிதானம் எனக்குப் பிடிக்கவில்லை.

கன்றுகளில் இன்னும் இரண்டு வரிசை போய்விட்டது. மிச்சம் இருப்பது போனால் நான்காவது நடவு கிடையாது.

சதாசிவம்


உலு திராம்
21 ஏப்ரல் 2024

அத்தானுக்கு,

செருப்போடு வந்தது தவறு. செல்வராணி அக்காவிடம் முஜிபுர் அண்ணன் மூலம் மன்னிப்புச் சொல்லியிருக்கிறேன். அவர் என் முட்டிக்காக வேண்டிக்கொள்வதாகப் பதில் அனுப்பியிருக்கிறார். கோழி வறுவலுக்காக அக்காவிடம் தனியாக எழுதியிருக்கிறேன், அதை நீங்கள் படிக்க வேண்டாம்.

நான் சாமியைச் சொல்லவில்லை. வாழைப்பழத்தைச் சொன்னேன்.

மூன்று மரம் மாறியது வேடிக்கைக்காக இல்லை. முதல் மரம் உங்கள் நிலத்தின் காட்டோரக் கடைசியில். பன்றி அங்கிருந்துதான் வரும் என்று நீங்கள் சொன்னீர்கள். வரவில்லை. கன்றுகளின் பக்கம் மட்டும் உறுமல் கேட்டது. அப்படியானால் எனக்கு முதுகுப்புறமாக வந்திருக்கிறது. இரண்டாவது மரம் ஓடைப் பக்கம். அங்கே தடம் இருந்தது, ஆனால் தடம் கன்றுகளுக்கு வரவில்லை, நேராக மேட்டுக்கு ஏறியது. மூன்றாவது மரம் அந்த மேட்டுக்கும் கோயிலுக்கும் நடுவில். அங்கிருந்து பார்த்தபோதுதான் எல்லாம் ஒரே கோடாகத் தெரிந்தது. மூன்று மாலையும் ஏன் சுடவில்லை என்று கேட்டிருந்தால் அப்போதே சொல்லியிருப்பேன். கோடு கோயில் வழியாகப் போகிறது. துப்பாக்கியை அந்தப் பக்கம் திருப்ப மாட்டேன் என்று எழுதிக் கொடுத்திருந்தேன்.

மேற்கொண்டு நான் சொன்னால் உங்களுக்குக் கோபம் வரும். பன்றி சொன்னால் வராது. தூக்குப் பரணை முஜிபுர் அண்ணன் கடையின் பின்கட்டில் விட்டு வந்திருக்கிறேன். மூன்றாவது மரத்தில் பட்டை தேய்ந்த அடையாளம் இருக்கும், அந்த இடத்திலேயே கட்டுங்கள். கிளிக் என்று சத்தம் வரும்வரை இறுக்க வேண்டும். ஒரு சனிக்கிழமை, பூசை முடிந்து ஆட்கள் போன பிறகு ஏறுங்கள். துப்பாக்கி வேண்டாம், கண் போதும்.

சுருட்டு வைத்துவிட்டு ஏறுவதானால் வைத்துக்கொள்ளுங்கள். அலுமினியத்துக்கு ஆட்சேபம் இல்லை.

ஹேமநாதன்


காஹாங்
7 மே 2024

அன்புள்ள மச்சான் ஹேமநாதனுக்கு,

ஏறினேன்.

உன் அக்காளிடம் கூட்டத்துக்குப் போவதாகச் சொல்லிவிட்டுப் போனேன். பொய்யில்லை. சங்கத்தில் மூவரில் இருவர் இருந்தோம். முஜிபுர் கீழே ஏணியைப் பிடித்தார். "செயலாளரே, மெதுவா லா, விழுந்தா உங்கள ஏத்திட்டுப் போக எங்கிட்ட லோரி இல்ல" என்றார். உன் பரண் ஒரு பெரிய நாற்காலி அகலம்கூட இல்லை. சாயச் சுவர் இல்லை, கூரை இல்லை, காற்றில் கொடிக்கம்புபோல் ஆடுகிறது. அதில் உட்கார்ந்த பிறகுதான் ஒன்று புரிந்தது. இத்தனை வருஷம் நான் பரணில் வசதியாக உட்கார்ந்திருக்கிறேன். வசதியாக உட்கார்ந்தவன் பார்ப்பது குறைவு. பாதி நேரம் தூங்கியிருக்கிறேன். இது சங்கத்துக்குள் இருக்கட்டும்.

பூசை முடிந்து ஆட்கள் போனார்கள். செல்வராணி கடைசியாக வாழைப்பழத் தாரைச் சரிசெய்து வைத்துவிட்டு, கும்பிட்டுவிட்டுப் போனார். கொஞ்ச நேரத்தில் மேட்டிலிருந்து பெரிய தாய்ப்பன்றி இறங்கியது. அதன் பின்னால் குட்டிகள். யாரோ வரவேற்றதுபோல் நேராகக் கூரைக்குள் போனார்கள். வாழைப்பழம், தேங்காய், சர்க்கரைப் பொங்கல். இலையையும் விடவில்லை. முடித்துவிட்டு, பந்தி முடிந்து தாம்பூலம் வாங்க வருகிறவர்கள்போல் வரிசையாக என் கன்றுகளை நோக்கி நடந்தார்கள். தலைவர் நான் படையல் போட்டு அழைத்து, நிலச் சொந்தக்காரன் நான் வெற்றிலை பாக்கும் கொடுத்திருக்கிறேன்.

கீழே இருந்த முஜிபுர் முகத்தைத் திருப்பிக்கொண்டிருந்தார். நான் இறங்கலாம் என்று காலை வைத்தேன். அப்போதுதான் அவர் ஏணியைத் தட்டிக் கை காட்டினார்.

மான்.

கடமான். நல்ல பெரியது, கொம்போடு. பின்னால் இன்னொன்று, கொம்பில்லாமல். கோயிலின் பின்பக்கத்தில் மருவுக்காக எல்லோரும் கொட்டிய உப்பு குவிந்து கிடக்கிறது, மழையில் கரைந்து மண்ணோடு ஊறியிருக்கிறது. அந்த மண்ணை நக்கிக்கொண்டு நின்றன. வாழைப்பழத்தை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. பன்றி இருந்தவரை வரவில்லை, பன்றி போன பிறகுதான் வந்தன.

நான் கைகால் அசைக்காமல் மேலேயே இருந்தேன். முஜிபுர் ஏணியைக் கட்டிக்கொண்டு நின்றார். அவை நக்கி முடித்துவிட்டுக் காட்டுக்குள் போயின. பிறகு அவர் சொன்னார், "இதுக்குத்தான் சேந்தேன்." அவ்வளவுதான் சொன்னார். மான் வேட்டை நண்பர்கள் சங்கம் தொடங்கிய நாளிலிருந்து மான் பார்த்தது அன்றுதான். சுட அரசாங்கமும் விடாது, ஐயாவும் விட மாட்டார். சுட வேண்டும் என்று எங்கள் இருவருக்கும் தோன்றவும் இல்லை.

மறுநாள் ஆலயக் குழுவைக் கூட்டினேன். முதலில் உண்மையைச் சொன்னேன்: படையலைப் பன்றி தின்கிறது, தின்றுவிட்டு என் கன்றைத் தின்கிறது, இது போனால் நானும் செல்லமும் ஊரை விட்டுப் போகிறோம். பரிதாபப்பட்டார்கள். தலைவருக்கு வழியனுப்பு விழா எப்போது வைக்கலாம் என்று ஒருவர் கேட்டார். படையல் மட்டும் அசையவில்லை. "ஐயாவுக்கு வெச்சத எடுக்கக் கூடாது" என்று செல்வராணி உறுதியாகச் சொன்னார்.

அப்போதுதான் மானைச் சொன்னேன். முதலில் நம்பவில்லை. முஜிபுர் எழுந்து, தான் கண்ணால் பார்த்ததாகச் சொன்னார். அவர் இந்தக் கோயிலுக்கும் பன்றிக்கும் சம்பந்தமே இல்லாத மனிதர், அதனால் எல்லோரும் நம்பினார்கள். பன்றி நிற்கும் இடத்துக்கு மான் வராது என்றும் சொன்னேன். செல்வராணியே கேட்டார்: "அப்போ பழத்த நாமளே அன்னிக்கே பிரிச்சுச் சாப்பிட்டுடலாமா?" சாப்பிடலாம் என்று ஒருமனதாகத் தீர்மானம். ஒரு பழம்கூட மிஞ்சக் கூடாது. உப்பு மட்டும் இருக்கும்.

உண்மைக்கு அசையாதவர்கள் மானுக்கு அசைந்தார்கள். இதில் உனக்கும் எனக்கும் பாடம் எதுவும் இல்லை. நடந்தது அதுதான்.

அன்றே நம் வேட்டைச் சங்கத்திலும் ஒரு தீர்மானம் வந்தது. ஏணிப்படி உடைந்ததற்குக் காரணம் துருப்பிடித்த ஆணி என்று சங்கம் கருதுகிறது. முன்மொழிந்தது செயலாளர், வழிமொழிந்தது முஜிபுர். தலவரலாற்றிலிருந்து 'அவிசுவாசி'யை எடுக்கச் சொல்லியிருக்கிறேன். 'அன்பர் ஒருவர்' என்று போடுவார்கள்.

பழக்கத்தில் பன்றிகள் சில வாரம் வரும். துப்பாக்கியோடு வா. கன்றுப் பக்கத்தில், கோயிலுக்கு முதுகு காட்டி ஒரு மரம் பார்த்து வைத்திருக்கிறேன். நீ வேறு மரம் சொன்னால் அதுவும் சரி.

சதாசிவம்


உலு திராம்
19 மே 2024

அத்தானுக்கு,

தீர்மானம் ஏற்கப்பட்டது. ஒரு திருத்தம்: அன்று மழை வருமுன் அவசரப்பட்டதும் காரணம். அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

நீங்கள் பார்த்து வைத்த மரம் சரியானதுதான். முஜிபுர் அண்ணன் போனில் படம் அனுப்பினார். நான் நினைத்ததைவிட நல்ல மரம். நிலைப் பரண்காரருக்கு மரம் பார்க்கத் தெரியும் என்பதை நான் எப்போதும் மறுத்ததில்லை.

சனிக்கிழமை வருகிறேன். அக்காவிடம் சொல்லுங்கள், முதலில் சாப்பிட்டுவிட்டுத்தான் ஏறுவேன்.

ஹேமநாதன்

அண்ணன் இப்போது வாராவாரம் ஒரு மூட்டை உப்பு வாங்குகிறார், கடைக்கு இவ்வளவு எதற்கு என்று அவர் தம்பி என்னைக் கேட்கிறார். செயலாளரைக் கேட்கச் சொல்லியிருக்கிறேன்.


காஹாங்
11 ஆகஸ்ட் 2024

அன்புள்ள மச்சான் ஹேமநாதனுக்கு,

நீ போன முறை வந்து இரண்டு பன்றி விழுந்த பிறகு இந்தப் பக்கம் எதுவும் வரவில்லை. உறவினர்களுக்குக் கறியைப் பங்கு பிரித்ததில் உன் பங்கு குறைந்ததாக யாரோ சொன்னார்களாம். உண்மையாக இருக்கலாம். பிரித்தது உன் அக்காள், நான் பொறுப்பில்லை.

உப்பைப் பற்றி நீ எழுதியிருந்தாய். முஜிபுர் கோயிலுக்கு நூறடி தள்ளி, ஓடைப் பக்கம் கொட்டுகிறார். "சாமிக்கு இல்ல, மானுக்கு" என்று கறாராகச் சொல்கிறார். செல்வராணி அதைக் கேட்டுக்கொண்டு, எப்படிப்பட்ட மனிதர் என்று தலையாட்டுகிறார். அவர்களுக்குள் ஏற்பட்டிருக்கும் இந்தப் புரிதலை விளக்க நான் முயலவில்லை. நிலைப் பரண் அங்கேயே இருக்கிறது. தூக்குப் பரண் என் வீட்டுச் சுவரில் மூன்று துண்டாகச் சாய்ந்திருக்கிறது. எது சிறந்தது என்ற விவாதம் சங்கத்தில் முடியவில்லை. முடிந்துவிட்டால் அடுத்த கூட்டத்தில் பேச ஒன்றும் இருக்காது.

கன்றுகள் தப்பித்துவிட்டன. மூன்று வரிசை அளவுக்கு வெற்றிடம் இருக்கிறது, அங்கே மழைக்குப் பிறகு புதிதாக நடுவேன். மிச்சம் எல்லாம் புது மட்டை விட்டிருக்கின்றன. தினம் காலையில் உன் அக்காள் முன்னால் போய் ஒவ்வொன்றாகப் பார்க்கிறாள், நான் பின்னால் போகிறேன். நன்றாக இருக்கிறது என்று அவள் சொல்வதில்லை. ஏதாவது ஒரு கன்றுக்கு உரம் போதவில்லை என்று திட்டுவாள். திட்டு வாங்கும்போது எனக்கு வருகிற நிம்மதியை உன்னிடம் சொல்லலாம்.

போகப் போகிறோமா இல்லையா என்று நான் கேட்கவில்லை. பயமாக இருந்தது. போன வாரம் லோஷினி போன் பண்ணி, "அம்மா, ரூம் ரெடி, எப்ப வர்றீங்க" என்று கேட்டாள். உன் அக்காள் சமையற்கட்டிலிருந்து என்ன சொல்லப் போகிறாள் என்று நான் கூடத்தில் நின்றேன். "அந்த ரூம்ல நீ துணி காயப்போடும்மா" என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தாள்.

நேற்றுக் குளுவாங் சந்தையிலிருந்து ஒரு மங்குஸ்தீன் கன்று வாங்கி வந்தாள். இரண்டு வருஷமாக வீட்டைச் சுற்றி ஒரு மிளகாய்ச் செடிகூட வைக்காதவள். எங்கே போகப் போகிறோமோ, யார் பறிக்கிறது என்பாள். மங்குஸ்தீன் காய்க்க எட்டு வருஷமாவது ஆகும் என்று சொன்னேன். "ஆவட்டும், எனக்கென்ன அவசரம்" என்றாள்.

குழி நான்தான் வெட்டினேன். அவள் காட்டிய இடம், சங்கக் கூட்டத்துக்கு நாம் நாற்காலி போடும் இடம். இனி மரம் வளர வளர நாற்காலிகளைத் தள்ளிப் போட வேண்டியிருக்கும். உறுப்பினர் என்ற முறையில் உனக்கு ஆட்சேபம் இருந்தால் எழுத்து மூலம் தெரிவிக்கவும்.

அன்புடன்,
சதாசிவம்